ஷொப்பிங் பையில் வந்த லித்தியம்

போன மாதம் கிண்ணியாவிலிருந்து ஒரு நானா கல் கொண்டுவந்தார். மேசையில் கொட்டியதும் மினுமினுத்த செதில்கள் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டன. கூடவே ஒரு தாள்: கையில் பிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கியால் (எக்ஸ்-கதிர் பாய்ச்சிக் கல்லில் என்ன தனிமம் என்று காட்டும் கருவி) பார்த்ததாம், லித்தியம் 4 சதவீதமாம். அதை நம்பிக் கல் கிடைத்த காணிக்கு முற்பணம் கட்டப் புறப்பட்டிருந்தார்.

"சேர், பற்றரிக்குப் போடுற சாமான்தானே இது?"

செதில், வெறும் காக்காப்பொன். இளஞ்சிவப்புக் கட்டி, பொட்டாஷ் பெல்ட்ஸ்பார் என்ற சாதாரணக் கனிமம். தாளைப் பற்றிச் சொல்வதென்றால், அந்தக் கருவிக்கு லித்தியம் கண்ணிலேயே படாது. அவ்வளவு இலேசான தனிமம். அது காட்டியதாக யாராவது எழுதிக் கொடுத்தால் எழுதியவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

லித்தியம் தேட வேண்டிய பாறை பெக்மடைட். அது பாறைக்குழம்பின் கடைசி மிச்சம் பெரிய பெரிய படிகங்களாக இறுகியது. பெரும்பாலும் படிகக்கல் (குவார்ட்ஸ்), பெல்ட்ஸ்பார், காக்காப்பொன், அவ்வளவுதான். மிச்சத்திலும் மிச்சமாக வடிந்து செறிந்தவற்றில்தான் லித்தியம் உள்ள ஸ்போடுமீன், லெபிடோலைட், பெட்டலைட், சீசியம் உள்ள பொலுசைட், தந்தலம் உள்ள தந்தலைட் எல்லாம் கிடைக்கும். மேற்கு அவுஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் அப்படிப்பட்ட இடம்.

நிறத்தை நம்பவே வேண்டாம். லெபிடோலைட்டின் ஊதா மாங்கனீசால் வருவது. லித்தியம் நிறம் தராது. நல்ல ஸ்போடுமீன் பல நேரம் சாம்பல் வெள்ளையாக, ஒருவரும் திரும்பிப் பார்க்காத கல்லாகக் கிடக்கும்.

சரி, வீட்டில் என்ன பார்க்கலாம்? நூலில் கட்டி, தராசில் நிறுத்து, பிறகு தண்ணீரில் தொங்கவிட்டு நிறுங்கள். நானாவின் இளஞ்சிவப்புக் கட்டி 412 கிராம். தண்ணீரில் 159 கிராம் குறைந்தது. 412ஐ 159ஆல் வகுத்தால் 2.59, பெல்ட்ஸ்பாரின் அடர்த்தி. ஸ்போடுமீன் என்றால் 3.1க்கு மேல் வரவேண்டும். ஆனால் இது முதல் சல்லடைதான். 1817இல் லித்தியத்தையே காட்டிக்கொடுத்த பெட்டலைட் 2.4தான், படிகக்கல்லைவிட இலேசு. முடிவைக் கல்லைக் கரைத்துப் பார்க்கும் ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். அடுப்பில் மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள், வெடித்துச் சிதறும். உடைக்கும்போது தூசியையும் சுவாசிக்காதீர்கள்.

இன்னொன்று: இலங்கையில் காணி உங்களுடையது என்றாலும் கனிமம் அரசுடையது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்ட முடியாது.

மாதிரியைத் தரகர் கையால் வாங்கவேண்டாம். நீங்களே போய் இரண்டு மூன்று இடத்தில் உடைத்தெடுத்து, எந்த இடம் என்று பையில் எழுதுங்கள். நானாவின் பையில் இருந்தது ஒரு புடைவைக்கடையின் பெயர் மட்டும்தான்.