ஒரு பதிவில் மூன்று தலைமுறை: ஸ்பானிய ஏடுகளில் மெக்சிகோ முன்னோரைத் தேடுவது எப்படி?

மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன குடும்பங்களில், கொள்ளுத்தாத்தாவின் சொந்த ஊர் எது என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டினாலும் பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'மெக்சிகோ' என்று மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஸ்பானிய மொழிப் பதிவேடுகள் ஊர்வாரியாகவும் கத்தோலிக்கப் பங்குவாரியாகவும் (பங்கு என்பது ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் உள்ள பகுதி) வைக்கப்பட்டவை. ஆகவே முதல் வேலை ஊரைக் கண்டுபிடிப்பது. இதற்குக் கைகொடுப்பவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லைச் சாவடிகளில் எழுதப்பட்ட அட்டைகள். பிறந்த ஊரும், மெக்சிகோவில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் அவற்றில் இருக்கும்.

ஊர் தெரிந்துவிட்டால் வேகம் கூடும். மெக்சிகோ அதிபர் பெனிட்டோ ஹுவாரெஸின் அரசு 1859 ஜூலை 28 அன்று பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவைத் தேவாலயத்திடமிருந்து எடுத்து அரசின் பொறுப்பாக்கியது. அந்தப் பிறப்புப் பதிவு ஒன்றைப் பொறுமையாக வாசித்தால் அதன் அருமை புரியும். இத்தனை மணிக்கு, பதிவு நீதிபதி முன், இன்ன வயதுள்ள, இன்ன தொழில் செய்யும் தந்தை வந்து குழந்தையை உயிரோடு காட்டினார் என்று தொடங்கும். பிறகு தாயின் பெயர், சாட்சிகள் பெயர். அதற்கும் கீழே அப்பாவழி, அம்மாவழித் தாத்தா பாட்டி நால்வரின் பெயர்கள். ஒரே தாளில் மூன்று தலைமுறை! தாத்தா பெயருக்குப் பக்கத்தில் 'காலமானவர்' என்ற குறிப்பு இருந்தால் இன்னும் லாபம். மூத்த பிள்ளையின் பதிவில் உயிரோடு இருக்கும் தாத்தா இளைய பிள்ளையின் பதிவில் காலமானவர் ஆகியிருந்தால், அவருடைய இறப்புப் பதிவை அந்த இடைப்பட்ட சில ஆண்டுகளில் தேடினால் போதும்.

பெண்வழி அறுந்துபோகாமல் இருப்பது இந்த ஏடுகளின் பெரிய பலம். கணவர் கார்சியா லோப்பெஸ், மனைவி எர்னாண்டெஸ் ரூயிஸ் என்றால் பிள்ளை கார்சியா எர்னாண்டெஸ். தந்தையின் முதல் குடும்பப்பெயர் முன்னால், தாயின் முதல் குடும்பப்பெயர் பின்னால். திருமணமானாலும் பெண்ணின் பெயர் ஏட்டில் மாறாது. ஆனால் இந்த ஒழுங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. அதற்கு முன்னால் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் தந்தை பெயரையும் இன்னொருவர் பாட்டி பெயரையும் சூடிக்கொண்டது உண்டு. பெயர் பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் கழித்துவிடக் கூடாது.

1859-க்கு முன்னால் போக வேண்டுமென்றால் தேவாலயம்தான் கதி. ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குத்தந்தை பதிவுசெய்தே ஆகவேண்டும் என்று 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் விதித்தது. மெக்சிகோவின் பங்கு ஏடுகள் அந்த விதியின் பிள்ளைகள். கையெழுத்து மிரட்டும், ஆனால் வாசகம் மாறாது. ஒரே பங்குத்தந்தை ஒரே வாக்கியத்தை நூற்றுக்கணக்கான முறை எழுதியிருப்பார். மாறாத சொற்களைக் கொண்டு அவருடைய எழுத்து வடிவங்களைப் பழகிக்கொண்டு, பிறகு பெயர்களுக்குப் போவதுதான் சரியான வழி. சுருக்கெழுத்துகளில் மட்டும் கவனம் வேண்டும். மரியா என்ற பெயர் முதல் எழுத்தும் கடைசி எழுத்துமாக இரண்டில் அடங்கிவிடும். 7 என்ற எண்ணோடு 'ப்ரே' என்று ஒட்டியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். பழைய ரோமானிய நாட்காட்டியில் செப்டம்பர்தான் ஏழாவது மாதம். இது தெரியாமல் தேதி குறித்தால் இரண்டு மாதம் பிசகிவிடும்.

என் கணிப்பில் இந்த ஏடுகளிலேயே விலைமதிப்பற்றவை திருமண விசாரணைக் கட்டுகள்தான். ஞாயிறு பூசையில் மூன்று முறை ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன், மணமக்களையும் சாட்சிகளையும் கூப்பிட்டு விசாரித்து எழுதிவைத்தார்கள். இருவரும் உறவினர் என்று தெரிந்தால் விசாரணை நீளும். அன்றைய திருச்சபைச் சட்டப்படி நான்காம் நிலை வரை திருமணத் தடை. பொது முன்னோரிலிருந்து எத்தனை தலைமுறை இறங்குகிறதோ அத்தனையாவது நிலை. மாமன் மகளைக் கட்டுவது இரண்டாம் நிலை. கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் இருவருக்கும் பொது என்றால் நான்காம் நிலை. விலக்கு வேண்டுமென்றால் உறவை நிரூபிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் வந்து, இன்னாரின் மகன் இன்னார் என்று ஞாபகத்திலிருந்து சாட்சி சொல்வார்கள். எழுத்தர் பொது முன்னோரை உச்சியில் வைத்து, இரண்டு கிளையாகக் கோடு இழுத்து, மணமக்கள் வரை படமாகவே வரைந்துவிடுவார். ஞானஸ்நான ஏடு தொலைந்துபோன ஊர்களிலும் இந்த மரம் தப்பியிருக்கக்கூடும். குவாதலஹாரா உயர் மறைமாவட்டத்தின் விலக்குக் கட்டுகளில் அப்படிப்பட்ட படங்கள் நிறையவே கிடைக்கின்றன.

ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் பல பங்குகளில் ஸ்பானியருக்கு ஓர் ஏடு, கலப்பினத்தாருக்கு ஓர் ஏடு, பூர்வகுடிகளுக்கு ஓர் ஏடு என்று தனித்தனியாக வைத்தார்கள். ஒன்றில் கிடைக்காதவர் மற்றொன்றில் இருக்கலாம். ஒரே மனிதர் ஞானஸ்நானத்தில் 'மெஸ்டிசோ' (ஸ்பானிய, பூர்வகுடிக் கலப்பினத்தவர்), திருமணத்தில் 'ஸ்பானியர்' என்று மாறுவதும் உண்டு. பூர்வகுடிகளும் முலாட்டோக்களும் (ஆப்பிரிக்க, ஐரோப்பியக் கலப்பினத்தார்) தலைவரி கட்ட வேண்டியிருந்தது. முத்திரை மாறினால் சுமையும் மாறும். இந்த முத்திரை எழுதியவரின் கண்ணையும் குடும்பத்தின் தேவையையும் சொல்கிறதே தவிர, ரத்தத்தைச் சொல்வதில்லை. இன்றைய மரபணுச் சோதனை இதை வெளிச்சமாக்குகிறது. தாய்வழியாக மட்டுமே இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, மெக்சிகோ மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்களிடமிருந்து வந்தது. ஏட்டில் தலைமுறை தலைமுறையாக 'ஸ்பானியர்' என்று எழுதப்பட்ட குடும்பங்களிலும் அது தென்படுகிறது. 1822-இல், விடுதலைக்கு மறு ஆண்டு, சாதி முத்திரை எழுதுவதையே தடை செய்தார்கள்.

இடைவெளிகளும் உண்டு. 1926 ஜூலை இறுதியிலிருந்து 1929 வரை, அரசுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் நடந்த கிறிஸ்தேரோ போரின்போது, தேவாலயங்களில் வழிபாடு நின்றது. அந்த ஆண்டுகளுக்கு அரசுப் பதிவைத்தான் நம்ப வேண்டும். தேடும் வசதி மட்டும் வெகுவாகக் கூடியிருக்கிறது. முன்னோரைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் பங்கு ஏடுகளின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். கையெழுத்தைக் கணினியே வாசிக்கும் தேடலை 2024-இல் மெக்சிகோவின் பத்திரப்பதிவு ஆவணங்களுக்கும் கொண்டுவந்தார்கள். தன்னார்வலர்கள் தயாரித்த பழைய அட்டவணைகளில் முக்கிய ஆட்களின் பெயர்களே இருக்கும். இப்போது சாட்சியாகக் கையெழுத்திட்டவரும் அகப்படுவார்.

இத்தனை இருந்தும் மிகவும் கஷ்டப்படுவது பூர்வகுடி முன்னோரைத் தேடுபவர்கள். அவர்கள் மூன்றாம், நான்காம் நிலை உறவில் தாராளமாக மணக்கலாம் என்று 1537-இலேயே போப் மூன்றாம் பவுல் அனுமதித்துவிட்டார். அது நல்ல சலுகை; ஆனால் அந்த உறவுகளுக்கு விலக்கும் தேவைப்படவில்லை, மரப்படமும் வரையப்படவில்லை. குடும்பப்பெயரும் பலருக்குக் கிடையாது. ஒரே ஊரில் ஹுவான் அந்தோனியோ, மரியா குவாதலூப்பே என்ற தம்பதிகள் நாலைந்து பேர் இருப்பார்கள். இங்கே உதவுவது, பிரெஞ்சு மக்கள்தொகையியலாளர் லூயி ஆன்றி 1950-களில் வகுத்த குடும்ப மீளமைப்பு முறை. தம்பதிக்கு ஒரு தாள் போட்டு, அந்தப் பெயரில் வரும் எல்லாப் பிள்ளைகளையும் தேதி வரிசையில் எழுத வேண்டும். கூடவே குடியிருப்பின் பெயர், ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாய், ஞானத்தந்தை) பெயர். இரண்டு குழந்தைகளுக்கு நடுவே ஐந்தே மாதம் என்றால் அவை ஒரு தாயின் பிள்ளைகள் அல்ல. தாளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நாலைந்து ஆண்டு இடைவெளி விழுந்தால் அடக்க ஏட்டில் ஒரு கைக்குழந்தையைத் தேட வேண்டும். ஒரே ஞானத்தாய் மூன்று பிள்ளைகளுக்கும் வந்திருந்தால் அந்த மூவரையும் ஒரு தாளில் வைக்கலாம்.