கன்கரண்ட் லிஸ்ட்: பொதுப்பட்டியல்

நீட் பத்தி பேசினாலும் சரி, புதிய கல்விக் கொள்கை பத்தி பேசினாலும் சரி, "கல்வியை மறுபடி மாநிலப் பட்டியலுக்கு மாத்தணும்"னு ஒருத்தர் சொல்வாரு, உடனே இன்னொருத்தர் "அது கன்கரண்ட் லிஸ்ட்ல இருக்கு, ரெண்டு அரசுக்கும் உரிமை உண்டு"ம்பாரு. எந்த விஷயத்துக்கு எந்த அரசு சட்டம் போடலாம்னு அரசியலமைப்புல மூணு பட்டியல் இருக்கு: ஒன்றியத்துக்கு ஒண்ணு, மாநிலத்துக்கு ஒண்ணு, ரெண்டு பேரும் சட்டம் போடக்கூடிய விஷயங்களுக்கு இந்தக் கன்கரண்ட் லிஸ்ட். ரெண்டாவது ஆள் சொல்றது பாதி உண்மைதான்.

கன்கரண்ட்ங்கிற சொல்லுக்கு மூலம் லத்தீன். சேர்ந்து ஓடுறதுன்னு பொருள், அதுலருந்து ஒரே நேரத்துல நடக்குறதுன்னு ஆச்சு. ரெண்டு தண்டனையை "ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்"னு கோர்ட்ல தீர்ப்பு சொல்றாங்கல்ல, அங்கயும் இதே சொல்தான். நம்ம சட்டத்துக்குள்ள இந்தப் பட்டியல் வந்தது 1935 இந்திய அரசுச் சட்டம் வழியா, அதுலயே மூணு பட்டியல் உண்டு, கல்வி அப்போ மாகாணத்து கையில இருந்துச்சு. அரசியலமைப்பு எழுதினப்பவும் ஏழாவது அட்டவணையில மாநிலப் பட்டியல் 11-வது இனமா கல்வியை வச்சாங்க, உயர்கல்வியோட தரத்தை நிர்ணயிக்கிற மாதிரி சிலதை மட்டும் ஒன்றியம் வச்சுக்கிச்சு.

1976-ல எமர்ஜென்சி நேரம், 42-வது திருத்தம் வந்து கல்வியைத் தூக்கி பொதுப்பட்டியல் 25-வது இனத்துல போட்டுச்சு, கூடவே காடு, வனவிலங்கு, எடை அளவை எல்லாம் போச்சு. இந்த மாதிரி திருத்தத்துக்கு பாதி மாநிலச் சட்டமன்றங்களாவது ஒப்புதல் தரணும். ஆனா அந்த வருஷம் ஜனவரி 31-லயே தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைச்சுட்டாங்க, குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துட்டிருந்துச்சு, அதாவது நம்ம பிள்ளைங்க படிப்போட அதிகாரம் கைமாறினப்ப ஆமான்னோ இல்லன்னோ சொல்றதுக்கு இங்க ஒரு சட்டமன்றமே இல்ல. எனக்கு இன்னைக்கும் ஆறாத விஷயம் இது.

சரி, பொதுன்னா சரிபாதியா? இல்ல. சட்டப்பிரிவு 254 என்ன சொல்லுதுன்னா, மாநிலச் சட்டம் நாடாளுமன்றச் சட்டத்தோட மோதினா மோதுற அளவுக்கு மாநிலச் சட்டம் செல்லாது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கிட்டா அந்த மாநிலத்துல மட்டும் செல்லும், ஆனா அதையும் நாடாளுமன்றம் பின்னாடி ஒரு சட்டம் போட்டு தள்ளிடலாம். இது ஏட்டுல மட்டும் இருக்கிற விஷயம் இல்லங்க, நமக்கே நடந்துச்சு. தொழிற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு வேண்டாம், பிளஸ் டூ மார்க் போதும்னு தமிழ்நாடு 2006-ல மசோதா நிறைவேத்தி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கி பல வருஷம் அப்படித்தான் டாக்டர் சீட் கொடுத்தோம், 2016-ல மருத்துவக் கவுன்சில் சட்டத்தைத் திருத்தி நீட்டைக் கொண்டு வந்ததும் 2017-லருந்து மெடிக்கல் சீட்டுக்கு நம்ம சட்டம் நிக்கல. 2017-ல போட்ட விலக்கு மசோதாவுக்கும் ஒப்புதல் வரல, 2021 மசோதாவுக்கும் வரல.

தமிழ்ல என்ன சொல்றது? பாடப்புத்தகம், பத்திரிகை, மேடைன்னு எல்லா இடத்துலயும் புழங்குறது பொதுப்பட்டியல். ஒத்திசைவுப் பட்டியல்னும் எழுதுறாங்க, அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உடன்படுறதுன்னு இன்னொரு பொருள் இருக்குல்ல, அதை வச்சு உருவாக்கின மாதிரி தெரியுது. ஆனா இங்க ஒருத்தர் ஒருத்தர்கிட்ட இசைவு கேட்டு சட்டம் போடணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, அதனால அது பொருத்தமா படல. இணை அதிகாரப் பட்டியல்னு வச்சா ரெண்டு பேரும் சமம்ங்கிற தப்பான எண்ணம் வரும். பொதுப்பட்டியல்னே எழுதுங்க, எல்லாருக்கும் புரியும், ஆனா எழுதுறப்போ "மோதினா ஒன்றியச் சட்டமே செல்லும்"னு ஒரு வரி சேர்த்துடுங்க.

மத்த ரெண்டுக்கும் ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல். மத்தியப் பட்டியல்னு பழக்கத்துல சொல்றோம், ஆனா அரசியலமைப்போட முதல் பிரிவே இந்தியாவை மாநிலங்களோட ஒன்றியம்னுதான் சொல்லுது.