பெயரை மறைத்தால் போதாது: செவிலியர்களுக்கான சமூக ஊடக விதிகள்

“நான் பெயரே போடலையே, இதிலே என்ன தப்பு?” நோயாளியைப் பற்றி எதையாவது பதிந்துவிட்டு விசாரணையில் உட்காரும் செவிலியர் வழக்கமாகச் சொல்லும் பதில் இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. விதிகள் பார்ப்பதோ வேறொன்றை: படிப்பவர்களில் யாராவது ஒருவருக்கு ‘இது இன்னார்தான்’ என்று புரிந்துவிடுமா?

ஒரு பதிவைக் கற்பனை செய்துகொள்வோம். ‘நைட் டூட்டி. 19 வயதுப் பெண், இரட்டைக் குழந்தை, ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. மனசே சரியில்லை.’ பெயர் இல்லை, ஊர் இல்லை, மருத்துவமனையும் இல்லை. ஆனால் எழுதியவரின் முகப்புப் பக்கத்தில் வேலை பார்க்கும் இடம் இருக்கிறது. தேதியும் நேரமும் தானாகவே விழுந்துவிடுகின்றன. அந்த இரவு அந்த வார்டில் இரட்டைப் பிரசவம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண்ணின் நாத்தனார் கண்ணில் பட்டால் போதும், வீட்டார் இன்னும் யாருக்கும் சொல்லாத சாவுச் செய்தி சொந்தபந்தம் முழுக்கப் போய்விடும். எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, துக்கம்தான். அதற்காக, பதிவு விதியை மீறவில்லை என்று ஆகிவிடாது.

இதை மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது ஹிப்பா (HIPAA) என்ற அமெரிக்க உடல்நலக் காப்பீட்டுச் சட்டம். 1996இல் வந்த அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த தனியுரிமை விதி, ஒருவரைக் காட்டிக்கொடுக்கக்கூடிய 18 வகை அடையாளங்களைப் பட்டியலிடுகிறது. பெயர் அதில் ஒன்று மட்டுமே. சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் ஆன தேதி, வண்டி எண், முழு முகப் படம், மருத்துவக் கருவியின் வரிசை எண், 89ஐத் தாண்டிய வயது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நோயாளி இறந்துவிட்டாலும் பாதுகாப்பு 50 ஆண்டுகளுக்குத் தொடரும்.

ஐரோப்பாவில் 2003இல் வந்த ஒரு தீர்ப்பு இன்னும் கறாரானது. ஸ்வீடனில் தேவாலயப் பணி செய்துவந்த ஒரு பெண், தன் இணையப் பக்கத்தில் உடன் வேலை செய்தவர்களைப் பற்றி எழுதும்போது, ஒருவர் காலில் அடிபட்டு அரைநேர மருத்துவ விடுப்பில் இருப்பதையும் சேர்த்திருந்தார். சாதாரண அக்கம்பக்கத்துப் பேச்சுதான். ஐரோப்பிய நீதிமன்றமோ அது உடல்நலத் தகவல்தான் என்றது. யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போட்டதைச் சொந்த விஷயம் என்று ஒதுக்கவும் முடியாது என்றது. எழுதியவர் செவிலியர்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பிரிட்டனின் செவிலியர் நடத்தை நெறி, சமூக ஊடகத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, பிறரின் தனியுரிமையை எந்நேரமும் மதிக்கச் சொல்கிறது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் இருப்பவரின் புகைப்படத்தையோ தகவலையோ அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தரக்கூடாது என்கிறது. எழுத்து நாட்டுக்கு நாடு மாறினாலும் போகிற திசை ஒன்றே.

எழுத்தைவிடப் படம்தான் அதிகம் மாட்டிவிடுகிறது என்பது என் எண்ணம். எழுதும்போது எதைச் சேர்க்கிறோம் என்று நமக்குத் தெரியும். கேமராவோ எதிரே இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். டூட்டி முடிந்து தோழிகளோடு எடுத்த செல்ஃபியில் பின்னால் வெள்ளைப் பலகை, அதில் படுக்கை எண்ணும் பெயரும். மேசையில் திறந்து கிடக்கும் கேஸ் ஷீட். ஓரத்தில் ஒரு கை, மணிக்கட்டில் பட்டை. பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து தெரியும்.

“வார்டு வாட்ஸ்அப் குழுவில்தானே போட்டேன்?” மூடிய குழு என்றாலும் சிகிச்சைக்குச் சம்பந்தமில்லாதவர் அதில் இருந்தால் தகவல் வெளியே போனதாகவே பொருள். ஒரு ஸ்கிரீன்ஷாட்டுக்கு எவ்வளவு நேரமாகும்? ஷிப்ட் மாறும்போது சொல்லவேண்டியதைச் சொல்ல மருத்துவமனை அனுமதித்த வழி எதுவோ, அதையே பயன்படுத்த வேண்டும்.

சம்மத விஷயத்திலும் குழப்பம் உண்டு. புண் ஆறுவதைப் பதிவேட்டுக்காகப் படமெடுக்க நோயாளி ஒத்துக்கொண்டது அந்தப் பதிவேட்டுக்கு மட்டும்தான், உங்கள் ஸ்டேட்டஸுக்கு அல்ல. அவரே தன் நோயைப் பற்றி ஊரறிய எழுதியிருந்தாலும், கீழே போய் ‘ஆமாம், நான்தான் பார்த்துக்கொண்டேன், இப்போது தேறிவிட்டார்’ என்று நீங்கள் எழுதக்கூடாது. தன் கதையைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு, அதை உறுதிப்படுத்த உங்களுக்கு இல்லை. நோயாளி நட்பு அழைப்பு அனுப்பினால் தனிப்பட்ட கணக்கில் ஏற்காமல் இருப்பது நல்லது.

சரி, அப்படியானால் வாயையே திறக்கக்கூடாதா? அப்படியில்லை. கை கழுவும் முறை, தடுப்பூசி, இன்சுலின் போடும் விதம், செவிலியர் வேலையின் களைப்பு, சம்பளம், ஆள் பற்றாக்குறை என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. இவற்றுக்கு ஒரு நோயாளியின் கதை தேவையில்லை. வார்டில் ஆபத்தான குறை ஒன்றைக் கண்டால் மட்டும் முதலில் மேலதிகாரியிடமோ புகார் அமைப்பிடமோ எழுத்தில் கொடுங்கள்.

தவறிப் போட்டுவிட்டால் உடனே நீக்குங்கள். ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிட்டதாக நினைத்து உட்காரவேண்டாம், அதற்குள் யாராவது சேமித்திருக்கலாம். எப்போது போட்டீர்கள், என்ன இருந்தது, யார் பார்த்திருக்கக்கூடும் என்பதைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கே வார்டு பொறுப்பாளரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டுமா என்று நிர்வாகம் பார்த்து முடிவெடுக்கும். அதற்கு அவர்களுக்கு நேரம் வேண்டும்.