ஆயாவின் கூத்து எந்தப் பெட்டியில் இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பின்னறைக்கு ஒரு சனிக்கிழமை எண்பதைத் தாண்டிய ஆயா ஒருவர் வந்தார். இங்கே தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். பிஸ்கட் டப்பாவுக்குள் துணி சுற்றி ஒரு கேசட் வைத்திருந்தார். அவருடைய வீட்டுக்காரர் விடிய விடிய ஆடிய தெருக்கூத்தின் ஒலிப்பதிவு அது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’. கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், அப்புறம் சுவரோரம் அடுக்கியிருந்த கம்ப்யூட்டர் பெட்டிகளைப் பார்த்தார்.

“இதுல எந்தப் பெட்டியில தம்பி வச்சிருக்க?”

“எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு ஆயா.”

அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. “கொஞ்சம் கொஞ்சமா வச்சா எப்படிப்பா சேர்த்து எடுப்ப?”

சரியான கேள்வி. பல கம்ப்யூட்டர்களின் டிஸ்க்குகளை ஒரே களஞ்சியமாக ஆக்கும் எந்த மென்பொருளும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். அன்று வரிசையில் இன்னும் நான்கு பேர் ஆல்பங்களோடு நின்றதால் ஆயாவுக்கு முழுதாகச் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஒரே டிஸ்க்கில் வைத்தால் என்ன குறை? டிஸ்க் ஒரு நாள் சாகும். அது மட்டுமில்லை, ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைப்பதன் ஆபத்து இந்த நேட்டால் பகுதியில் நம்மவர்களுக்குத் தெரியாததில்லை. உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த பழைய கோயில் வெள்ளத்தில் போனது. இன்று பெல்லேர் சாலையில் நாம் கும்பிடும் அம்பலவாணர் ஆலயம் 1947இல் எழுந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்தப் பகுதியில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களிலும் எத்தனையோ பேருக்குக் கல்யாண போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை. பழைய போட்டோ, கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் சேர்த்துவைக்கும் எங்கள் ஸ்கேன் வேலை அதற்குப் பிறகுதான் மும்முரமானது.

நாங்கள் தேர்ந்தெடுத்தது செஃப் என்ற கட்டற்ற மென்பொருள். கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாக சேஜ் வைல் தொடங்கியது; அதை விவரிக்கும் ஆய்வுக்கட்டுரை 2006இல் வந்தது. பல கையுள்ள ஆக்டோபஸ் இனத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரிலிருந்துதான் இந்தப் பெயர். அதனால் ஒவ்வொரு பதிப்புக்கும் அந்தக் குடும்பத்துப் பெயரையே அகரவரிசைப்படி வைக்கிறார்கள்: நாட்டிலஸ், ஆக்டோபஸ், இப்படி.

சரி, கேசட்டுக்கு வருவோம். ஒரு மணி நேர ஒலிப்பதிவைத் தரம் குறைக்காமல் சிடி தரத்தில் சேமித்தால் சுமார் 600 எம்பி. செஃப் அதை முழுக் கோப்பாக எங்கேயும் வைப்பதில்லை. 4 எம்பி துண்டுகளாக நறுக்குகிறது. ஆயாவின் கூத்து ஏறக்குறைய 150 துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதி. ஆக 450 துண்டுகள், வேறு வேறு கம்ப்யூட்டர்களில், வேறு வேறு டிஸ்க்குகளில். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு காவலாளி நிரல் உண்டு. அதை ஓஎஸ்டி என்பார்கள். எழுதும்போது முதல் பிரதியை வாங்கும் ஓஎஸ்டிதான் மற்ற இரண்டுக்கும் அனுப்புகிறது. மூன்று இடத்திலும் எழுதி முடித்த பிறகுதான் “வாங்கிக்கொண்டேன்” என்ற பதில் வரும். அதற்கு முன்னால் வராது. இந்தக் கண்டிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது ஆயாவின் கேள்வி: சேர்த்து எடுப்பது எப்படி? எந்தத் துண்டு எங்கே என்று ஒரு பேரேடு போட்டு வைப்பது ஒரு வழி. நமக்குப் பழக்கமான வழிதான். 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கொண்டுவரப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். பேர், தகப்பன் பேர், வயது, ஊர் எல்லாம் கப்பல் பட்டியலில் அந்த நம்பருக்கு நேரே இருக்கும். தாத்தாவின் நம்பர் தெரிந்தால் அவருடைய ஊர் கிடைக்கும். ஆனால் அந்தப் பட்டியல் வேண்டும். அது எரிந்து போயிருந்தால் நம்பரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதோடு, கேட்பவர்கள் எல்லாரும் ஒரே பேரேட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும்.

செஃப் பேரேடே வைப்பதில்லை. அது பஞ்சாங்கம் மாதிரி. சந்திராஷ்டமம் எந்த நாள் என்று தெரிந்துகொள்ள யாரும் தலைமையகத்துக்கு போன் போடுவதில்லை. கையில் பஞ்சாங்கம் இருக்கிறது, ராசி தெரியும், பார்த்துச் சொல்லிவிடலாம். அதே பஞ்சாங்கத்தை வைத்து டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் ஒருவர் பார்த்தாலும் டோங்காட்டில் ஒருவர் பார்த்தாலும் விடை ஒன்றுதான். செஃபில் துண்டின் பெயரை ஒரு சூத்திரத்தில் போட்டால் ஒரு எண் வருகிறது. அந்த எண் துண்டைச் சில நூறு குழுக்களில் ஒன்றில் சேர்க்கிறது. கிரஷ் என்ற இன்னொரு சூத்திரம் அந்தக் குழுவையும் கிளஸ்டரின், அதாவது சேர்ந்து இயங்கும் இந்தக் கம்ப்யூட்டர் கூட்டத்தின், வரைபடத்தையும் பார்த்து, “இந்தக் குழு இந்த மூன்று டிஸ்க்கில்” என்று சொல்கிறது. கேட்பவர் யாராக இருந்தாலும் தாமே கணக்குப் போட்டு நேராக அந்த டிஸ்க்கிடம் போகிறார். 150 துண்டுக்கும் 150 முறை கணக்கு. அதற்கு ஆகும் நேரம் கண் சிமிட்டுவதைவிடக் குறைவு.

குழு எதற்கு, துண்டை நேராக டிஸ்க்குக்கு அனுப்பலாமே என்றால், கோடிக்கணக்கான துண்டுகளைத் தனித்தனியாகக் கண்காணிக்க முடியாது என்பதுதான் காரணம். எங்களிடம் முதலில் நான்கு கம்ப்யூட்டர், ஒவ்வொன்றிலும் மூன்று டிஸ்க், மொத்தம் 12. டிஸ்க்குக்கு நூறு குழு என்பது பழைய கைக்கணக்கு. 1,200ஐ மூன்று பிரதியால் வகுத்தால் 400. இரண்டின் அடுக்காக இருப்பது நல்லது என்பதால் 512. இப்போது மென்பொருளே இதைப் பார்த்துக்கொள்ளும். நிறுவுவதும் அப்படித்தான்: முதல் கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை, மற்றவற்றைச் சேர்க்க ஆளுக்கொரு கட்டளை. ஒரு மதியத்தில் முடிந்துவிடும். கஷ்டம் அதில் இல்லை.

கஷ்டம் எங்கே என்றால், பஞ்சாங்கம், அதாவது அந்த வரைபடம், எல்லாரிடமும் ஒன்றாக இருக்க வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒரு நாள், திருக்கணிதத்தில் வேறு நாள் என்று சனிப்பெயர்ச்சிக்கு நாம் படும் பாடு தெரியும். கோயில் விஷயத்தில் இரண்டு நாளும் கும்பிட்டுச் சமாளிக்கலாம். டிஸ்க்கில் முடியாது. பாதிக் கம்ப்யூட்டர்கள் ஒரு வரைபடத்தையும் மீதி வேறொன்றையும் நம்பினால், ஒரே கோப்பு இரண்டு விதமாக மாறி, எது சரி என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். அதனால் வரைபடத்தை வெளியிடும் பொறுப்பு மானிட்டர் என்ற சில நிரல்களுக்கு மட்டும். ஒவ்வொரு பதிப்புக்கும் வரிசை எண் உண்டு. பெரும்பான்மை மானிட்டர்கள் ஒத்துக்கொண்டால்தான் புதிய பதிப்பு வெளிவரும். மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று. நான்கு வைத்தால் மூன்று பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்று வைத்தாலும் நான்கு வைத்தாலும் ஒருவர் போவதைத்தான் தாங்கும். அதனால்தான் ஒற்றைப்படையில் வைக்கிறோம். பெரும்பான்மை இல்லையென்றால் மானிட்டர்கள் வாயைத் திறக்காது. தப்பாகச் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது மேல் என்ற முடிவு அது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். 2023இல்தான் உண்மையில் புரிந்தது. லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு, மிக மோசமாக இருந்த வருடம். ஸ்டேஜ் 6 என்ற கடுமையான கட்டம் வந்தால் ஒரே நாளில் இரண்டு மணி நேரம், இரண்டு மணி நேரமாகப் பல தடவை கரண்ட் போகும். எங்களிடம் இரண்டு இன்வெர்ட்டர் இருந்தன. முதல் இரண்டு கம்ப்யூட்டர் ஒன்றில், அடுத்த இரண்டு இன்னொன்றில். மானிட்டர்கள் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் கம்ப்யூட்டர்களில். ஒரு சாயங்காலம் முதல் இன்வெர்ட்டரின் பேட்டரி நாற்பது நிமிடத்தில் இறங்கிவிட்டது. இரண்டு கம்ப்யூட்டர் அணைந்தன. மற்ற இரண்டில் ஆறு டிஸ்க் சுற்றிக்கொண்டிருந்தன. எல்லாத் துண்டுக்கும் அவற்றில் குறைந்தது ஒரு பிரதி இருந்தது. ஆனால் மூன்று மானிட்டரில் இரண்டு போய்விட்டன. மீதி ஒன்று பேசவில்லை. ஒரு போட்டோவைக்கூடத் திறக்க முடியவில்லை. பச்சை விளக்கு மினுக்குகிற பெட்டிகளுக்கு முன்னால் டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தேன்.

தப்பு என்னுடையது. மூன்று பிரதியையும் வேறு வேறு கம்ப்யூட்டரில் வை என்று செஃபிடம் சொல்லியிருந்தேன். அது சொன்னபடி செய்தது. அந்தக் கம்ப்யூட்டர்களில் இரண்டு ஒரே பேட்டரியில் தொங்குகின்றன என்று நான் சொல்லவே இல்லை. சூத்திரத்துக்குச் சுவர் தெரியாது, வயர் தெரியாது. ஒன்றாக விழக்கூடியவை எவை என்று நாம் வரைபடத்தில் எழுதினால்தான் அதற்குத் தெரியும். நான்கு கம்ப்யூட்டரை இரண்டு இன்வெர்ட்டரில் மாட்டினால், மூன்று பிரதியில் இரண்டு எப்போதும் ஒரே இன்வெர்ட்டரில்தான் போய் உட்காரும்.

செஃபின் வரைபடம் அடுக்கடுக்கானது: டிஸ்க், கம்ப்யூட்டர், ரேக், அறை, கட்டடம் என்று மேலே போகும். நடுவில் மின்விநியோகத்துக்கென்றே ஓர் அடுக்கு இருக்கிறது. அதைப் பார்த்தபோது எங்களுக்காகவே வைத்தது போல இருந்தது. மூன்றாவது இன்வெர்ட்டர் வாங்கினோம், பழைய கம்ப்யூட்டர் இரண்டு நன்கொடையாக வந்தன. இப்போது இன்வெர்ட்டருக்கு இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மானிட்டர். விதியையும் மாற்றி எழுதினோம்: மூன்று பிரதியும் மூன்று இன்வெர்ட்டரில். ஒன்று விழுந்தால் எல்லாத் துண்டுக்கும் இரண்டு பிரதி, இரண்டு மானிட்டர் மிஞ்சும். இரண்டு பிரதி இருந்தால் வேலை நடக்கட்டும், ஒன்றே மிஞ்சினால் நிறுத்து என்பது செஃபின் வழக்கமான அமைப்பு. அதை மாற்றச் சொல்லி அவசரத்தில் மனம் தூண்டும். மாற்றாதீர்கள். ஒற்றைப் பிரதியில் எழுதும்போது அந்த டிஸ்க்கும் போனால் எழுதியது எங்கேயும் இருக்காது.

இன்னொரு விஷயம், கரண்ட் நம்பிக்கையில்லாத ஊரில் இருப்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒரு டிஸ்க் பேச்சை நிறுத்தினால் பத்து நிமிடம்தான் செஃப் காத்திருக்கும். அப்புறம் “இது இனி வராது” என்று முடிவு கட்டி, இழந்த பிரதிகளை மற்ற டிஸ்க்குகளில் புதிதாக எழுதத் தொடங்கும். நல்ல குணம்தான். ஆனால் எங்கள் நான்கு கம்ப்யூட்டரும் அப்போது 70 சதம் நிரம்பியிருந்தன. ஒன்று போனால் அதன் 70ஐ மற்ற மூன்றும் பங்கு போட வேண்டும்: 280ஐ மூன்றால் வகுத்தால் 93. செஃப் 85இல் எச்சரிக்கும், 90இல் புதிய பிரதிகளை வாங்க மறுக்கும், 95இல் எழுதுவதையே நிறுத்திவிடும். ஆக இரண்டு மணி நேரத்தில் திரும்பி வரப்போகும் ஒரு கம்ப்யூட்டருக்காக, மிச்சக் களஞ்சியம் முழுவதும் மூச்சுத் திணறும். மருந்து சின்னது: கரண்ட் போகும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ‘நோஅவுட்’ என்ற கொடியை ஏற்றி வைக்க வேண்டும். “போனவர்கள் வருவார்கள், இலையை எடுக்காதே” என்று பந்தியில் சொல்வது போல. எல்லாரும் திரும்பியதும் கொடியை இறக்கிவிட வேண்டும். இறக்க மறந்தால், உண்மையாகவே செத்த டிஸ்க்குக்கும் இலை காத்துக்கொண்டே இருக்கும். இதோடு, அந்த நான்கு கம்ப்யூட்டர் நாட்களில் களஞ்சியத்தை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்புவதில்லை என்றும் வைத்துக்கொண்டிருந்தோம்.

கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். மானிட்டர்களுக்கிடையே 0.05 வினாடிக்கு மேல் நேரம் வித்தியாசப்பட்டால் எச்சரிக்கை வரும். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கம்ப்யூட்டர் கரண்ட் வந்ததும் ஏதோ பழைய வருடத்தில் கண்விழிக்கும். நாணயம் போன்ற அந்தச் சின்ன பேட்டரியை மாற்றினால் போதும்.

மூன்று பிரதி இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று சங்கக் கூட்டத்தில் கேட்டார்கள். யாராவது ஒரு போல்டரைத் தவறுதலாக அழித்தால் மூன்று பிரதியும் அதே நொடியில் அழியும். கட்டடத்துக்குள் தண்ணீர் வந்தால் மூன்று இன்வெர்ட்டரும் ஒன்றாக நனையும். அப்படியானால் ஒரு இன்வெர்ட்டரையும் அதன் கம்ப்யூட்டர்களையும் ஜோகன்னஸ்பர்க்கில் வைத்தால் என்ன? முன்பு சொன்ன கண்டிப்பு இங்கேதான் தடுக்கிறது. மூன்றும் எழுதி முடிக்காமல் பதில் வராது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி வினாடியில் 200 கிலோமீட்டர் போகும். ஜோகன்னஸ்பர்க்குக்குச் சுமார் 570 கிலோமீட்டர் சாலை. கேபிளும் அதை ஒட்டிப் போனால் போய்வர ஆறு மில்லி வினாடி. அறைக்குள் அதில் முப்பதில் ஒரு பங்குகூட ஆவதில்லை. டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொரு தடவையும் அத்தனை நேரம் காத்திருந்தால் ஸ்கேன் வேலை நகராது. அதனால் கிளஸ்டர் ஒரே அறையில், பேக்கப் தூரத்தில். ராத்திரியில் அன்றைய புதுக் கோப்புகள் இன்னொரு ஊருக்குத் தனியாகப் போகும். அங்கே பழைய நாள் பிரதிகளும் இருக்கும், இங்கிருந்து அழிக்க முடியாத அனுமதியோடு.

மாதம் ஒருமுறை ஒரு இன்வெர்ட்டரை வேண்டுமென்றே அணைத்துப் பார்க்கிறோம். போன மாதம் அந்த நாளில் ஆயா வந்திருந்தார், பேத்திக்குக் கூத்தைக் கேட்கவைக்க. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நடு இன்வெர்ட்டரை அணைத்தேன். மத்தளம் கொஞ்ச நேரம் ஓடி, நின்றது. ஓஎஸ்டிகள் ஆறு வினாடிக்கு ஒருமுறை ஒன்றையொன்று விசாரிக்கும். இருபது வினாடி பதில் இல்லையென்றால் மானிட்டரிடம் சொல்லும், புதிய பதிப்பு வரும், அடுத்த பிரதி பொறுப்பேற்கும். ஆயா என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். விட்ட இடத்திலிருந்து மத்தளம் மறுபடி எழுந்தது.

“இப்ப எந்தப் பெட்டி பாடுது தம்பி?” என்றார் ஆயா.

“கணக்குப் போட்டுத்தான் சொல்லணும் ஆயா” என்று கீபோர்டை இழுத்தேன்.