சாயக்கழிவுநீருக்கு ஃபென்டன் முறை: பிஎச் 3-இல்தான் எல்லாம்

சாயக்கழிவுநீரை நுண்ணுயிர்த் தொட்டியில் எவ்வளவு நேரம் காற்றூதி வைத்தாலும் நிறம் முழுதாகப் போவதில்லை. வெயிலுக்கும் சலவைக்கும் தாங்கும்படி செய்த சாயம் பாக்டீரியாவுக்கு மட்டும் மசிந்துவிடுமா?

அங்கே உதவுவது 1894-இல் எச். ஜே. எச். ஃபென்டன் விவரித்த வினை. ஃபெரஸ் இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிளக்கும்போது ஹைட்ராக்சில் தனி உறுப்பு (ரேடிக்கல்) உண்டாகிறது. ஓசோனைவிட வலிய ஆக்சிஜனேற்றி அது. எதிர்ப்படும் கரிமப்பொருளை அங்கேயே தாக்கும். சாய மூலக்கூறில் நிறம் தரும் அசோ பிணைப்பு (இரு நைட்ரஜன் அணுக்களின் இணைப்பு) அறுந்ததும் நிறம் வெளுக்கும்.

1,000 லிட்டர் நீர், சிஓடி (கரிம மாசை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் சிஓடிக்குக் கணக்குப்படி 2.125 கிராம் பெராக்சைடு வேண்டும். 50 சதவீதக் கரைசலில் ஏறத்தாழ 2.1 கிலோ. இரும்பு, தூய பெராக்சைடின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்றால் அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) சுமார் 530 கிராம். இது தொடக்கக் கணக்குதான், இறுதி அளவை ஜார் சோதனை (குவளைகளில் வெவ்வேறு அளவு போட்டுப் பார்ப்பது) சொல்லும்.

முதலில் சல்பூரிக் அமிலம் விட்டு பிஎச்சை 3-க்கு இறக்கி, அன்னபேதியைக் கரைக்க வேண்டும். பெராக்சைடு அதன் பிறகே, கலக்கியபடி சிறிது சிறிதாக. மொத்தமாகக் கொட்டினால் சூடேறி நுரை பொங்கும். மிகுதியான பெராக்சைடு தனி உறுப்புகளையே தின்றுவிடும். பிஎச் 5-ஐத் தாண்டினாலோ இரும்பு படிந்துவிடும், பெராக்சைடு வெறும் நீரும் ஆக்சிஜனுமாகப் போகும். காசு பெரும்பாலும் கரைவது இங்கேதான்.

ஒரு மணி நேரம் கழித்து சுண்ணாம்போ காஸ்டிக்கோ சேர்த்து பிஎச்சை 8-க்கு ஏற்றினால் செம்பழுப்புக் கசடு திரளும். அது அடியில் படியாமல் மேலே மிதந்தால் பெராக்சைடு மிச்சமிருக்கிறது என்று பொருள்: ஆக்சிஜன் குமிழிகள் கசடைத் தூக்குகின்றன. அந்த நீரைச் சோதித்தால் சிஓடியும் பொய்யாகக் கூடிக் காட்டும், ஒரு கிராம் பெராக்சைடுக்குச் சுமார் 0.47 கிராம் வீதம். பெராக்சைடு தாளில் பார்த்துவிட்டு மாதிரி எடுப்பது நல்லது. நுண்ணுயிர்த் தொட்டிக்கு அனுப்புமுன் இன்னும் அவசியம்.

மேற்சொன்ன அளவுக்கு இரும்புக் கசடு மட்டும் உலர்நிலையில் சுமார் 200 கிராம் சேரும். சுண்ணாம்பு போட்டால் ஜிப்சமும் கூடும்.

வீட்டுச் சாக்கடைக் கசடிலும் இதே வினை வேறு வேலை செய்கிறது. நுண்ணுயிர்கள் சுரந்து வைத்த, நீரைப் பிடித்துக்கொள்ளும் பிசினை அது சிதைப்பதால் கசடைப் பிழியும் ஃபில்டர் பிரஸ்ஸில் தண்ணீர் எளிதாக இறங்கும். பிழிந்த நீர் அமிலமாக இருக்கும், நடுநிலையாக்காமல் திருப்பி விடக்கூடாது.