மின்கம்பத்தில் போகும் கறுப்புக் கேபிளும் ஊராட்சி அலுவலகத்து இரும்புப் பெட்டியும்

காரைக்குடியைச் சுற்றியுள்ள கல்லல், சாக்கோட்டை ஒன்றியங்களின் கிராமங்களுக்கு, இணையத்தை ஒளியாகக் கொண்டுவரும் கண்ணாடி இழைக் கேபிள் வேலையாகச் செல்லும்போது, ஏணியைக் கம்பத்தில் சாய்த்து நிமிர்வதற்குள் யாரேனும் ஒருவர் அருகில் வந்து நின்றுவிடுவார். ஆத்தங்குடிப் பக்கத்தில் ஓர் ஆச்சி கேட்டார்: "தம்பி, இந்தக் கறுப்பு ஒயரு எங்க வீட்டு வாசல் வழியாத்தானே போகுது, உள்ள எப்ப வரும்? மகன் சிங்கப்பூர்ல இருக்கான், வீடியோவுல பேசினா பாதியில மூஞ்சி அப்படியே நின்னுருது." நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான விடை ஏணியில் நிற்கும் என்னிடம் இல்லை என்பதையும், யாரிடம் எப்படிக் கேட்கவேண்டும் என்பதையும் விளக்குவதற்கு எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்த விளக்கத்தைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

நாட்டின் கிராம ஊராட்சிகளை இணையத்தோடு இணைக்கும் தேசியக் கண்ணாடி இழை வலையமைப்புத் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. பின்னாளில் அது பாரத்நெட் எனப் பெயர் மாறியது. அதன் இரண்டாம் கட்டத்தைத் தமிழ்நாட்டில் மாநில அரசே நிறைவேற்றுவதென முடிவாகி, அதற்கென 2018இல் உருவாக்கப்பட்டதுதான் டான்ஃபிநெட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம். தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறையின் கீழ் இயங்கும் இந்நிறுவனத்தின் முன்னுள்ள பணி, மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் 1 ஜிபிபிஎஸ், அதாவது நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகத்தில் இணைப்பைக் கொண்டு சேர்ப்பது. இதில் 'கிராம ஊராட்சி' என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் ஆகியவை பேரூராட்சிகள். பார்வைக்குக் கிராமம் போலத் தோன்றினாலும் அவை இந்தக் கணக்கில் வருவதில்லை. பக்கத்து ஊருக்கு வந்தது நமக்கு ஏன் வரவில்லை என்ற மனக்குறையில் பாதி, இந்த வேறுபாடு தெரியாததால் வருவது.

அடுத்ததாக, கேபிள் ஊராட்சி அலுவலகத்தை அடைவது ஒரு வேலை. அங்கிருந்து வீட்டை அடைவது முற்றிலும் வேறு வேலை. முதல் வேலையில் கேபிள், ஊராட்சி மன்ற அலுவலகத்திலோ கிராம ஊராட்சி சேவை மையத்திலோ வைக்கப்படும் ஓர் இரும்புப் பெட்டியில் வந்து முடியும். அந்தப் பெட்டியை ரேக் என்போம். ரூட்டர், யுபிஎஸ், பேட்டரி எல்லாம் அதைச் சேர்ந்தவை. இரண்டாவது வேலைக்குத் தொழில் பங்கீட்டாளர்கள் எனப்படும் உள்ளூர்ச் சேவையாளர்கள் வேண்டும். பெரும்பாலும் கேபிள் டிவி தொழிலில் பழகியவர்களே இதற்கு முன்வருகிறார்கள். அப்படி ஒருவர் அமையாத ஊரில் வாசல் வழியாகக் கேபிள் போனாலும் வீட்டுக்குள் இணையம் வராது. "அரசு இன்டர்நெட் போட்டுத் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பவர் எவராயினும், அவர் அனுமதி பெற்ற பங்கீட்டாளர்தானா என்று ஊராட்சிச் செயலரிடம் உறுதி செய்துகொண்டு, ரசீது வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.

இனி, எங்களை மிகவும் அலைக்கழிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இத்திட்டத்தின் கேபிளில் ஏறக்குறைய 85 விழுக்காடு மின்கம்பங்கள் வழியாகவும், மீதி 15 விழுக்காடு தரைக்கடியிலும் செல்கிறது. கம்பத்தில் போவதைச் செம்புக் கம்பி என்று நினைத்து இரவோடு இரவாக வெட்டிச் செல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் செம்பும் இல்லை, அலுமினியமும் இல்லை. பழைய இரும்புக் கடையில் அதற்கு ஒரு ரூபாய் கூடக் கிடைக்காது. ஆனால் அந்த ஒரு வெட்டு, அதற்கு அப்பால் அந்தக் கேபிளையே நம்பியிருக்கும் ஊர்கள் அத்தனையின் இணைப்பையும் நிறுத்திவிடும்.

வெட்டுப்பட்டதை ஒட்டுவது, மின்கம்பியை முறுக்கி டேப் சுற்றுவதைப் போன்றதன்று. ஓர் இழையில் ஒளி பயணம் செய்யும் நடுப்பகுதியின் விட்டம் சுமார் 9 மைக்ரான். தலைமுடியில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இரு முனைகளையும் செங்குத்தாக வெட்டி, ஆல்கஹாலில் துடைத்து, இயந்திரத்தில் வைத்து மின்பொறியால் உருக்கி ஒன்றாக்க வேண்டும். நம் பகுதியின் செம்மண் தூசி ஒரு துளி ஒட்டினாலும் இயந்திரம் ஏற்றுக்கொள்ளாது. ஆகையால் ஆடிக் காற்றில் வண்டிக் கதவுகளை அடைத்துக்கொண்டு வியர்வையில் நனைந்தபடிதான் இந்த வேலையைச் செய்கிறோம். 24 இழைக் கேபிள் ஒன்றை முழுமையாக ஒட்டி முடிக்க எனக்குக் குறைந்தது அரை நாள் பிடிக்கிறது. அதற்கு முன் வெட்டுப்பட்ட இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓடிடிஆர் என்ற கருவி ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை அளந்து, இத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்று சொல்லும். ஆனால் அது சொல்வது கேபிளின் நீளத்தை. கம்பங்களில் உபரியாகச் சுற்றி வைத்திருக்கும் சுருள்களைக் கழித்துப் பார்க்காமல் சாலைத் தூரத்தை நம்பிப் போனால் அடுத்த ஊர்க் கண்மாய்க் கரையில்தான் போய் நிற்கவேண்டியிருக்கும். நான் நின்றிருக்கிறேன்.

எல்லா வெட்டும் திருட்டு அன்று. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டும் ஜேசிபி, சீமைக் கருவேலத்தைப் பெயர்க்கும் ஜேசிபி, திருவிழாவுக்குச் சீரியல் விளக்குக் கட்டுபவர், தேர் வரும்போது தாழ்ந்த கேபிளை வெட்டி ஓரமாகப் போட்டுவிடும் அவசரக்காரர் எனப் பலரும் உண்டு. மண் தோண்டுகிறவர்களுக்காக 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியை ஒன்றிய அரசு வெளியிட்டிருக்கிறது. தோண்டப்போகும் இடத்தை அதில் பதிந்தால் அங்கே கேபிள் வைத்திருப்பவருக்குத் தகவல் போகும். நான் பேசிப் பார்த்த ஜேசிபி ஓட்டுநர்களில் ஒருவர்கூட அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை என்பது வேறு கதை. தேரோட்டத்துக்கு முன்பே சொல்லிவிட்டால், கேபிளை வெட்டாமல் இறக்கி மீண்டும் ஏற்றித் தர முடியும்.

கேபிள் சரியாக இருந்தும் இணையம் நின்றுபோகும் ஊர்களும் உண்டு. ஓர் ஊராட்சியிலிருந்து ஒரே மாதத்தில் மூன்று முறை புகார் வந்தது. நேரில் போய்ப் பார்த்தால், ரேக்குக்கான பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் மின்விசிறியைச் செருகியிருந்தார்கள். பேட்டரி தீரும் வரை எல்லாம் ஓடியது, பிறகு நின்றது. அலுவலகத்தைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவதும் அப்படித்தான். சிக்கனம் என்று செய்வது ஊர் முழுவதையும் துண்டித்துவிடுகிறது. கிராம சபைக் கூட்டத்தில் "நம் ஊர் ரேக்குக்குத் தனி மின்இணைப்பு இருக்கிறதா, அறையின் சாவி யாரிடம் இருக்கிறது, பங்கீட்டாளர் யார்" என்று மூன்று கேள்விகளைக் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்தால், பாதிப் புகார்கள் வராமலே போகும்.

வீட்டுக்குள் வந்த பின்னும் செட்டிநாட்டில் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. முகப்பில் வைத்த வைஃபை, பட்டாலை என்ற கூடத்தைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போய்ச் சேராது. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய கனத்த சுவர்கள் அலையை விழுங்கிவிடுகின்றன; பெரிய பெல்ஜியம் கண்ணாடிகளின் பின்னாலுள்ள உலோகப் பூச்சு அலையைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. வேகம் குறைவென்று கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறுவது வீண் செலவு. வீட்டு நடு முற்றமான வளவு வானம் பார்த்துத் திறந்திருப்பதால், அதன் தாழ்வாரத்தில் ரூட்டரை வைத்தால் நாற்புற அறைகளுக்கும் ஓரளவு எட்டும். கடைசிக் கட்டுக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து இரண்டாவது வைஃபை பெட்டியை வைப்பதே நல்லது. சுவரைத் துளைக்க வேண்டியதில்லை, நிலைக்கு மேலுள்ள காற்றுப் பலகணி வழியாகவே கொண்டு போகலாம். இழையைச் சுண்டு விரல் அகலத்துக்கு மடக்கி ஆணி அடிக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். மடிந்த இடத்தில் ஒளி கசிந்துவிடும்.

வீட்டில் இழை வந்து சேரும் இணையப் பெட்டியில் 'லாஸ்' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் வெளியே இழை அறுந்திருக்கிறது என்று பொருள். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் வராது. அந்த விளக்கின் நிறத்தையும், எத்தனை மணிக்கு நின்றது என்பதையும் சேர்த்துப் பங்கீட்டாளரிடம் சொல்லுங்கள். அவர் அசையவில்லை என்றால் 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடி ஆச்சி அந்த உதவி எண்ணைச் சமையலறை நாள்காட்டியில் எழுதி வைத்திருக்கிறார்.