ரைட்டர்ஸ் பிளாக்: தடையா, தேக்கமா?

எழுத உட்கார்ந்தாயிற்று, தாள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, வரி மட்டும் வரவில்லை. இந்த நிலைக்குத்தான் ‘ரைட்டர்ஸ் பிளாக்’ என்று பெயர். ஓவியர், இசையமைப்பாளர் எல்லோரையும் சேர்த்துச் சொல்லும்போது அது ‘கிரியேட்டிவ் பிளாக்’ ஆகிவிடும். தமிழில் என்ன சொல்வது என்று கேட்டால் சட்டென்று வரும் பதில் ‘எழுத்துத் தடை’.

எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையை மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அந்த நாவலாசிரியர் நான்கு ஆண்டுகள் எழுத்துத் தடையில் இருந்தார்’ என்று ஒரு வரி. எந்த அரசாங்கம் தடை போட்டது என்று தேடி இரண்டு பக்கம் பின்னால் போனேன். ஒரு அரசாங்கமும் போடவில்லை. மனிதருக்கு எழுத வரவில்லை, அவ்வளவுதான். தமிழில் தடை என்றால் வெளியிலிருந்து யாரோ போடுவது: தடையுத்தரவு, நூலுக்குத் தடை, மீன்பிடித் தடைக்காலம். ‘படைப்புத் தடை’யும் இதே குழியில்தான் விழுகிறது. ‘முடக்கம்’ என்றாலோ வங்கிக் கணக்கும் 2020-இன் பொதுமுடக்கமும்தான் நினைவுக்கு வருகின்றன.

ஆங்கிலத் தொடருக்கு வயது அதிகமில்லை. வியன்னாவில் ஃபிராய்டு வழியில் பயின்று நியூயார்க்கில் குடியேறிய உளப்பகுப்பாய்வாளர் எட்மண்ட் பெர்க்லர் 1940-களில் இதைப் பரப்பினார். பால் குடிக்கும் பருவத்தில் ஏற்பட்ட ஏமாற்றம்தான் பிற்காலத்தில் எழுதவிடாமல் செய்கிறது என்பது அவர் வாதம். அந்த விளக்கத்தை இன்று பெரும்பாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

‘பிளாக்’ என்ற சொல்லின் அடியில் இருப்பது ஒரு மரத்துண்டு. டச்சு மொழியில் அடிமரக் கட்டையைக் குறித்த சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து, பிறகு வழியை மறிக்கும் எதற்கும் ஆகிவந்தது. நம்மிடமும் அச்சாக அப்படி ஒரு கட்டை உண்டு: முட்டுக்கட்டை. ‘காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று வசவாகவே அதைப் பழகிவிட்டோம். தேரோட்டத்தில் சக்கரத்தின் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் முழு வேலையும் தெரியும். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் எடை. வடம் பிடிப்பவர்களால் அதை இழுக்க முடியும், திருப்ப முடியாது. வீதி முனை வரும்போது கட்டை போடுகிறவர்கள் ஓடி வந்து ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகுவார்கள். சக்கரம் அதில் முட்டி, கட்டை நசுங்கி, தேர் அந்தப் பக்கமாகத் தலையைத் திருப்பும். நிறுத்துவதும் அந்தக் கட்டைதான், திருப்புவதும் அதுதான். இவ்வளவு பொருத்தமாக இருந்தும் இதை நான் கலைச்சொல்லாகப் பரிந்துரைக்க மாட்டேன். ‘போடுகிறவன்’ யார் என்ற கேள்வி இங்கேயும் கூடவே வருகிறது.

தமிழர் இந்த நிலையைப் பேச்சில் எப்படிச் சொல்கிறார்கள்? ‘ஒண்ணும் ஓட மாட்டேங்குது.’ நமக்கு எழுத்து தண்ணீர் மாதிரி. நன்றாக வந்தால் நடையில் ஓட்டம் இருக்கிறது என்கிறோம். கற்பனை ஊற்றெடுக்கிறது என்கிறோம். வள்ளுவரும் அறிவை மணற்கேணியில்தான் ஊறவிட்டார். அப்படியானால் நின்றுபோனதற்கும் தண்ணீர்ச் சொல்தானே வேண்டும்? இரண்டு இருக்கின்றன, இரண்டும் வேறு வேறு. உள்ளே நிறையக் கிடந்து வெளியே வராவிட்டால் அது தேக்கம். உள்ளேயே ஒன்றுமில்லையென்றால் வறட்சி. ஆங்கிலத் தொடர் இரண்டையும் ஒரே கட்டையால் மூடிவிடுகிறது. பொதுச்சொல்லாக ‘எழுத்துத் தேக்கம்’, ‘படைப்புத் தேக்கம்’ என்பவற்றையே நான் எழுதுகிறேன். தேவைப்படும் இடத்தில் வறட்சி.

கிணற்றுக்காரர்கள் மூன்றாவதாக ஒன்றும் சொல்வார்கள்: தூர்ந்துபோனது. நிலத்தடியில் நீர் இருக்கிறது. சேறு ஏறி ஊற்றுக்கண் அடைந்துவிட்டது. கோடையில் உள்ளே இறங்கி, சேற்றைக் கூடை கூடையாக மேலே ஏற்றி, கண்ணைக் கடப்பாரையால் குத்திவிடுவார்கள். முதலில் வருவது கலங்கல். அதை இறைத்துக் கொட்டிவிட வேண்டியதுதான். நீண்ட இடைவெளிக்குப் பிறகு நான் எழுதும் முதல் இரண்டு பக்கத்துக்கும் இதே கதிதான்.

இனி எதிர்ச்சொல். ‘இன்ஸ்பிரேஷன்’ இலத்தீனில் ‘உள்ளே மூச்சை ஊதுவது’. நாம் அதற்கு எழுதும் ‘உத்வேகம்’ வடமொழியில் கலக்கம், பதற்றம் என்ற பொருள் உடையது. தமிழுக்கு வந்தபின் உற்சாகமாகிவிட்டது. ‘உந்துதல்’ வேலைக்குப் போகச் சொல்லித் தள்ளுவது போல இருக்கிறது. ஈழத்தில் வழங்கும் ‘அருட்டுணர்வு’ எனக்கு மிகவும் பிடித்தது. நித்திரை கொள்கிறவரைத் தட்டி எழுப்புவதை அங்கே அருட்டுவது என்பார்கள். தூங்கிக்கிடந்த ஒன்று விழிக்கிறது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அதற்கும் பழையது ஒன்று உண்டு: அடியெடுத்துக் கொடுத்தல். சேக்கிழாருக்குத் தில்லையில் ‘உலகெலாம்’ என்று அடியெடுத்துக் கொடுக்கப்பட்டது என்பது மரபு. சுந்தரர் கதை இன்னும் சுவை. மணப்பந்தலில் கிழவராக வந்து, ‘நீ எனக்கு அடிமை’ என்று வழக்காடிய சிவனைச் சுந்தரர் பித்தனோ என்று ஏசுகிறார். திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரர் வழக்கில் தோற்றபின், ‘என்னைப் பாடு’ என்கிறார் சிவன். என்ன சொல்லிப் பாடுவேன் என்று சுந்தரர் திகைக்கிறார். முன்பு பித்தன் என்றாயே, அதையே சொல்லிப் பாடு என்று பதில் வருகிறது. புதுச்சொல் எதுவும் தரவில்லை. கோபத்தில் அவர் வாயிலிருந்தே விழுந்த சொல்லை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். சுந்தரரின் முதல் பதிகம் ‘பித்தா’ என்றே தொடங்குகிறது.

பிள்ளை மனப்பாடப் பாட்டைச் சொல்லிக்கொண்டே வந்து நடுவில் நின்றுவிட்டால், அடுப்படியிலிருந்து அம்மா அடுத்த அடியின் முதற்சொல்லை மட்டும் எடுத்துக் கொடுப்பாள். மீதியைப் பிள்ளை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடும்.